மேஸ்திரி தட்டிப் பார்த்த சைக்கிள்

மேஸ்திரி கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் தட்டித்தான் பார்ப்பார். புதுக் கதவு, தர்பூசணி, செருப்பின் குதிகால், போன இடத்தில் உட்காரச் சொன்ன நாற்காலி, எல்லாவற்றுக்கும் ஒரு தட்டு உண்டு. ஒருநாள் மனைவியின் தம்பி தலையைக் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தபோது அந்த வழுக்கையிலும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "உள்ள காலி மாப்ள" என்றார். மாப்பிள்ளை இன்றுவரை அதை மன்னிக்கவில்லை.

தட்டுவதுதான் அவர் பிழைப்பு. இருபத்தாறு வருடமாகத் தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் ஒட்டுகிறார். ஒட்டிக் காய்ந்த பிறகு, நுனியில் இரும்புக் குண்டு வைத்த ஒரு சின்னக் கம்பியோடு மண்டியிட்டு நகர்ந்து நகர்ந்து ஒவ்வொரு டைலையும் தட்டுவார். அடியில் கலவை நிறைந்திருந்தால் 'டிக்' என்று இறுக்கமாகப் பதில் வரும். எங்காவது காற்று அடைபட்டிருந்தால் 'டொப்'. அதுதான் பொள்ளல் சத்தம். பொள்ளல் டைல் இன்று நன்றாக இருக்கும், நாளை இருக்கும், என்றோ ஒருநாள் ஒரு கனமான கால் பட்டதும் விரிந்துவிடும். ஒரு ஆஸ்பத்திரி நடைபாதையில் என்ஜினியர் கையெழுத்துப் போட்டு, நாற்காலி எல்லாம் கொண்டுவந்து போட்ட பிறகு, இவர் தன் கையாலேயே முப்பத்தொரு டைலைப் பெயர்த்துப் போட்டார்.

"யாரும் கேக்கலையே மேஸ்திரி, எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார்கள்.

"என் காது கேட்டுச்சே" என்றார்.

அவ்வளவுதான் மனிதர். அவர் ஒரு வேலையைப் பார்த்து 'சரி' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒருவரும் குனிந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் மண்டியிட்டு மண்டியிட்டு முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. "சைக்கிள் ஓட்டுங்க, தொடை பலமானா முட்டி பிழைச்சுக்கும்" என்றார் டாக்டர். மருந்தாகத்தான் ஆரம்பித்தது. வீட்டில் கிடந்த பழைய இரும்புச் சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவார். இரண்டே மாதத்தில் மருந்து பைத்தியமாக முற்றிவிட்டது! வேலைக்குப் போகும் வேனில் உட்கார்ந்தால்கூட ஜன்னல் வழியே சாலையின் ஏற்ற இறக்கத்தையே பார்த்துக்கொண்டு வருவார். ஒரே ஒரு குறை. ஊரின் ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேடு. அதில் பாதி தூரம் ஏறியதும் இரும்புச் சைக்கிள் யானை மாதிரி கனக்கும், முட்டி 'என்னை விடு' என்று அலறும், இறங்கித் தள்ளுவார். ஒரு தடவையாவது இறங்காமல் ஏறிவிட வேண்டும். ஐம்பதை நெருங்கும் மனிதருக்கு உலகத்தில் வேறு ஆசையே இல்லை.

லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கும் சைக்கிள் பித்து உண்டு. அவன்தான் வழி சொன்னான்.

"மாமா, கார்பன் ஃப்ரேம் ஒண்ணு மட்டும் வாங்கிடலாம். கம்பெனி பேர் போட்டதுன்னா நம்மால தொட முடியாது. பேர் போடாதது ஆன்லைன்ல வெளிநாட்டுல இருந்து கால்வாசி விலைக்குக் கிடைக்கும். என் பழைய சைக்கிள்ல இருந்து கியரு, பிரேக்கு, வீலு எல்லாம் கழட்டித் தர்றேன். நாமளே பூட்டிடலாம்."

மூன்று வாரம் கழித்துப் பெட்டி வந்தது. கூடத்தில் வைத்துப் பிரித்தார்கள். கறுப்பாக, ஒரு எழுத்துகூட இல்லாமல், மழையில் நனைந்த காக்கை மாதிரி பளபளவென்று ஒரு ஃப்ரேம். மேஸ்திரியின் மனைவி அதை ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இவ்வளவு லேசா இருக்கு. உங்களைத் தாங்குமா இது? பேரு ஊரு ஒண்ணையும் காணோமே?"

"அக்கா, பேரு போட்டா அதுக்கும் சேர்த்துக் காசு வாங்குவான்" என்றான் தம்பி.

"நீ சும்மா இருடா." அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். "சைக்கிள்ல விழுந்து முன் பல்லைக் கர்ச்சீப்ல முடிஞ்சு எடுத்துட்டு வர்றவங்களை வாரத்துக்கு ரெண்டு பேரையாவது பார்க்கிறேன். எல்லாரும் 'நல்ல சைக்கிள்தான்'னுதான் சொல்றாங்க, பல்லு போன வாயில காத்து காத்தா."

மேஸ்திரி ஃப்ரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளே தொடர்ந்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன். பதினஞ்சு நாளைக்குள்ள திருப்பி அனுப்பலாம்னு போட்டிருக்கான். அதுக்குள்ள நீங்க தட்டிப் பாருங்க. பார்த்துட்டு உங்க வாயால 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம் நான் குறுக்க நிக்கமாட்டேன். சொல்ல முடியலேன்னா பெட்டி வந்த வழியே போகட்டும்."

நியாயமான பேச்சு.

மேஸ்திரி தன் இரும்புக் குண்டுக் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார். "ஐயோ மாமா, கார்பன்! காசால தட்டுங்க, காசால!" என்று மாப்பிள்ளை பாய்ந்து பிடுங்கினான். நாணயத்தை இரு விரலில் பிடித்து, ஹேண்டில் பூட்டும் தலைக் குழாயிலிருந்து தொடங்கினார்.

டொப்.

இரண்டு விரல் தள்ளி. டொப். மேல் குழாய் முழுக்க டொப் டொப் டொப். மேஸ்திரியின் முகம் கறுத்துக்கொண்டே போனது. தட்டிய இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார், வேலை நடக்கும் இடத்தில் போடுவது மாதிரியே. கால் மணி நேரத்தில் கறுப்பு ஃப்ரேம் புள்ளிமானாகிவிட்டது. பெடல் அச்சு பூட்டும் ஓட்டைக்கு ஒரு சாண் மேலே, கீழ்க் குழாயில் உள்ளங்கை அகலம், அந்த ஒரே ஒரு இடத்தில்தான் 'டிக்' என்று நிறைவாகக் கேட்டது.

"இது ஒண்ணுதான் ஒழுங்கா ஒட்டியிருக்கான்" என்றார் துக்கமாக. "மத்ததெல்லாம் பொள்ளல் மாப்ள."

மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து சிரித்தான். "மாமா, இது குழாய். உள்ள காலியாத்தான் இருக்கும்! புல்லாங்குழல் வாங்கினாலும் கலவை போட்டு அடைச்சிடுவீங்களா?"

மேஸ்திரிக்கும் சிரிப்பு வந்தது. மூளைக்குப் புரிந்தது. காதுக்குப் புரியவில்லை, அதுதான் சிக்கல். இருபத்தாறு வருடம் 'டொப்' கேட்டால் பெயர்த்துப் பழகிய காது. அதைக் கூட்டிக்கொண்டு போய் 'இந்த டொப் நல்ல டொப்' என்றால் கேட்குமா? சொல்லலாம்தான். 'சரி' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மனைவி நம்பிவிடுவாள், அதனாலேயே சொல்ல முடியவில்லை.

நாள் போய்க்கொண்டே இருந்தது. ஃப்ரேம் கூடத்து ஆணியில் வட்டங்களோடு தொங்கியது. பூட்டினால் கீறல் விழும், கீறல் விழுந்தால் திருப்பி எடுக்கமாட்டான். அதனால் ஒரு திருகுகூடப் போடவில்லை. வேலைக்குப் போகும்போது ஒரு தட்டு, வந்ததும் ஒரு தட்டு. அந்த 'டிக்' இடத்தை மட்டும் போகிற போக்கில் செல்லமாக ஒரு தடவு.

பெட்டியைத் திருப்பி அனுப்ப இரண்டே நாள் இருக்கும்போது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிமெண்ட் தூசியோடேயே பெரிய சைக்கிள் கடைக்குள் நுழைந்தார். சுவரில் பேர் போட்ட கார்பன் சைக்கிள்கள் வரிசையாக மாட்டியிருந்தன.

"தம்பி, இதைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாமா?"

கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார். "வாங்க வந்தீங்களா அண்ணே, வைத்தியம் பார்க்க வந்தீங்களா?"

"காசுலதான் தட்டுவேன். கீறல் விழாது."

மேல் குழாய், டொப். கீழ்க் குழாய், டொப். மூட்டு சேரும் இடங்களில் கனம் அதிகம் என்பதால் சத்தம் கொஞ்சம் இறுகியது, பிறகு மறுபடி டொப். இடது பக்கம் எப்படியோ வலது பக்கமும் அப்படியே. அடுத்த சைக்கிள், அதற்கடுத்தது, எல்லாம் ஒரே ராகம். மேஸ்திரிக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. அப்ப பொள்ளல்தான் சரி! பொள்ளலாக இருந்தால்தான் அது குழாய்!

கை சட்டென்று நின்றது.

மூன்று சைக்கிளிலும் கீழ்க் குழாயின் நடுவில் ஒரு இடத்தில்கூட 'டிக்' இல்லை.

கடை வாசலிலேயே நின்று போன் போட்டார். "மாப்ள, நான் நல்லாருக்குன்னு சொன்னேன் பாரு ஒரு இடம். அதுதான் நல்லால்ல. ஆயுசு பூரா பொள்ளலைத் தேடித் தேடி, பொள்ளல் இல்லாத இடத்துல போய் மயங்கிட்டேன். உள்ள என்னமோ இருக்குடா."

உள்ளே எப்படிப் பார்ப்பது? விளக்கு அடித்தால் வெளிச்சம் போகிறது, கண் போகவில்லை. "பல்லுக்குப் பின்னால பார்க்கிற கண்ணாடி ஒண்ணு எங்க ஆஸ்பத்திரியில கழிச்சுப் போட்டது இருக்கு" என்றாள் மனைவி. டாக்டரிடம் கேட்டு மறுநாளே கொண்டுவந்தாள். யாருக்கும் கொடுக்காமல் தானே தரையில் உட்கார்ந்து அச்சு ஓட்டைக்குள் அதை நுழைத்தாள்.

"டேய், வெளிச்சத்தைக் குழாய்ல அடிக்காதே. கண்ணாடியில அடி. டாக்டர் அப்படித்தான் பண்ணுவார்." குனிந்து பார்த்தாள். "ஏங்க... என்னமோ கசங்கி அடைச்சுக்கிட்டு இருக்கு. சொத்தைப் பல்லுல பஞ்சு வெச்ச மாதிரி."

மாப்பிள்ளை ஒரு பழைய ஸ்போக் கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்துக் கொடுத்தான். மேஸ்திரி உள்ளே விட்டுத் துழாவினார். மாட்டியது. இழுத்தார், வரவில்லை. விரிசலை மறைக்க எதையாவது வைத்து அடைத்திருக்கிறானா? மெதுவாகத் திருகித் திருகி இழுத்தார். 'சர்ர்ர்' என்று ஏதோ உரியும் சத்தம். பிறகு பாம்புச் சட்டை மாதிரி நீளமாக, மெல்லிசாக, ஒரு பிளாஸ்டிக் பை வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அதன் நுனியில் கட்டை விரல் தண்டி உறைந்த பசைக் கட்டி ஒன்று.

"ஐயே!" என்றாள் மனைவி.

படம் எடுத்து விற்றவனுக்கு அனுப்பினான் மாப்பிள்ளை. மொழிபெயர்க்கும் மெஷினில் போட்ட பதில் பத்தே நிமிடத்தில் வந்தது: 'அன்பு நண்பரே, அது குழாய் செய்யும்போது காற்று ஊதும் பை. எடுக்க மறந்த தொழிலாளி வருந்துகிறார். அதற்கு வேலை இல்லை. மகிழ்ச்சியாக மிதிக்கவும்.'

"வருந்துறாராம்" என்று மாப்பிள்ளை சிரித்தான். மேஸ்திரி சிரிக்கவில்லை. அந்தத் தொழிலாளியை அவருக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. சாயங்காலம், அவசரம், கடைசி வரிசை, யாராவது கூப்பிட்டிருப்பார்கள். அப்படித்தான் ஒரு டைல் விட்டுப்போகும்.

கண்ணாடியை வைத்துப் பை இருந்த இடத்தை எல்லாப் பக்கமும் பார்த்தார்கள். சுவர் மழமழவென்று இருந்தது. விரிசலும் இல்லை, மடிப்பும் இல்லை. ஆனால் பார்ப்பது வேறு, கேட்பது வேறு. "நாளைக்கு லீவு. காலையில நிதானமாத் தட்டுறேன்" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை, கெடு முடியும் நாள். ஃப்ரேமை மடியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். தலையிலிருந்து வால் வரை ஒரு சுற்று. இடது ஒரு தட்டு, அதே இடத்தில் வலது ஒரு தட்டு. "மாமா, இந்த மூட்டுல..." என்று ஆரம்பித்த தம்பியை, "வாயை மூடுடா" என்று அடக்கினாள் அக்கா. அவள் கையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மறுபடி வால் தொடங்கித் தலை வரை. அந்த உள்ளங்கை அகல இடத்துக்கு வந்தபோது மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

டொப்.

தொட்டடுத்த இடமும் டொப். எதிர்ப் பக்கமும் டொப். என்ன அழகான டொப்!

மேஸ்திரி கண்ணைத் திறந்து நாணயத்தைச் சட்டைப் பையில் போட்டார்.

"சரி" என்றார்.

அவள் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, ஈரத்துணி ஒன்றைக் கொண்டுவந்து, சாக்பீஸ் வட்டங்களை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தாள். சங்கிலி ஓடும் இடுக்கில் ஒளிந்திருந்த வட்டத்தைக்கூட விடவில்லை. மேஸ்திரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி வட்டமும் போனதும் துணியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அலசப் போனார்.

அடுத்த ஒரு வாரம் அந்தக் கூடத்தைப் பார்த்திருக்க வேண்டும்! சாப்பிட உட்கார இடமில்லை. தட்டுக்குப் பக்கத்தில் சங்கிலி, தலையணை மேல் சீட். மாப்பிள்ளை லிஃப்ட் வேலைக்கு வைத்திருக்கும் ஸ்பேனர் சாவிகளோடு, அளவுக்கு மேல் முறுக்கினால் 'கடக்' என்று எச்சரிக்கும் சின்னச் சாவி ஒன்றையும் கொண்டுவந்தான். கார்பனை நசுக்கக் கூடாதல்லவா. சீட் தாங்கும் குழாய் வழுக்காமலிருக்க அதற்கு மணல் கலந்த மாதிரி நறநறக்கும் பசையைத் தடவினார்கள். "டைல்ஸ் பசையே தேவலாம்" என்றார் மேஸ்திரி. கியர் கம்பி கீழ்க் குழாய்க்குள் எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தபோது இரண்டு பேரும் கைதட்டினார்கள். பை மட்டும் உள்ளே இருந்திருந்தால் இந்தக் கம்பி அங்கேயே முட்டிக்கொண்டு நின்றிருக்கும்.

ஞாயிறு காலை. மனைவி வாசல்வரை வந்து ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்த்தாள். "மெதுவா" என்று மட்டும் சொன்னாள். சொன்ன சொல் தவறவில்லை, குறுக்கே நிற்கவில்லை.

மேட்டின் பாதியில், வழக்கமாக இறங்கும் இடத்தில், முட்டி முணுமுணுத்தது. அலறவில்லை. மேஸ்திரி முன் கியரைச் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றினார். வேகம் நடைவேகம்தான், நாய் ஒன்று கூடவே நடந்து வந்து சலித்துப்போய்த் திரும்பியது. ஆனால் கால் சுற்றிக்கொண்டே இருந்தது. தொட்டியின் நிழல் மேலே விழுந்தபோதுதான் உச்சிக்கு வந்துவிட்டோம் என்று தெரிந்தது. அவருக்கு வாய்விட்டு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆள் இல்லாததால் இரண்டையும் செய்தார்.

அந்தப் பக்கம் இறக்கம். குண்டும் குழியுமான சாலை. உண்மையான பரீட்சை அங்கேதான், அதைத்தான் அவர் வாரம் முழுக்க நினைத்துப் பயந்தது. விட்டார். காற்று காதில் மோத, சட்டை பாய்மரம் மாதிரி உப்ப, திருப்பத்தில் உடம்பைச் சாய்த்து, குழி ஒன்றில் குதித்து, இன்னொன்றை விலக்கி, சின்னப் பிள்ளை மாதிரி 'ஹோ' என்று கத்திக்கொண்டே அடிவாரத்துக்கு வந்து நின்றார்.

தாமதமாகக் கிளம்பி, உச்சியிலிருந்து பார்த்தபடி தன் சைக்கிளில் துரத்தி வந்த மாப்பிள்ளை மூச்சு வாங்கினான். "மாமா, குழியில எல்லாம் விட்டீங்களே! ஃப்ரேம்ல சத்தம் ஏதாவது வந்துச்சா?"

மேஸ்திரி யோசித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நன்றாகவே யோசித்தார்.

"தெரியல மாப்ள. கவனிக்க மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா? நீங்களா?"

பதில் சொல்ல மேஸ்திரி அங்கே இல்லை. சைக்கிளைத் திருப்பி, வந்த மேட்டிலேயே மறுபடி ஏற ஆரம்பித்திருந்தார்.