பெயரின் கடைசிப் புள்ளி

நான் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் ஒற்றை உளியை வைத்துக்கொண்டு கல்லில் பெயர் வெட்டும் பட்டறை தொடங்கி, இன்று இரண்டு எந்திரம் ஓட விட்டிருக்கிறேன். என் பெருமையைப் பேச ஆரம்பித்தால் பொழுது போதாது. இது எங்கள் டைப்பிஸ்ட் அம்மாவைப் பற்றியது.

பதினோரு வருடம் என் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்த்தவள். தானே புத்தகம் பார்த்துப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டாள். பைத்தான் என்றால் மலைப்பாம்பாம்.

“பாம்பு பிடிக்கவும் கிளம்பிட்டியாம்மா?” என்பேன்.

“உங்களை விட அது சொன்ன பேச்சு கேக்குது, மொதலாளி.”

போன வருடம் ஆற்றில் படகு கவிழ்ந்து நூற்றுப் பன்னிரண்டு பேர் போனார்கள். அவளுடைய ஒரே மகனும் அதில் ஒருவன். உடல் கிடைக்கவில்லை. எல்லாருக்குமாக ஒரே நினைவுக்கல்; வேலை எங்களுக்கு வந்தது.

“தொட்டுப் பாக்க எனக்கு அந்தப் பேருதான் மிச்சம். நல்லா வந்துரணும், மொதலாளி.”

இறந்தவர்களின் வீட்டார் போனில் அனுப்பிய பெயர்களின் வாலில் காற்புள்ளி, காலி இடம் என்று என்னென்னவோ ஒட்டிக்கொண்டிருந்தன. அப்படியே விட்டால் கல்லில் பெயர் நடுவில் நிற்காமல் ஒருபக்கம் சாயும். அவள் கம்ப்யூட்டருக்கு ஒரே வரி எழுதினாள்: முடிவில் எழுத்து அல்லாதது எதுவானாலும் வெட்டிவிடு. \W+$ என்று நாலே குறி. டாலரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

“காசு இல்ல மொதலாளி, அதுக்கு முடிவுன்னு அர்த்தம். ஒரு தடவை பிரிண்ட் எடுத்துப் படிச்சுப் பாத்துடறேனே.”

“என் பட்டறையிலேர்ந்து தப்பு வெளிய போனதா சரித்திரமே இல்ல. எந்திரத்தை ஓட்டும்மா!”

ஓட்டினாள்.

கல்லைக் கழுவியதும் மகன் பெயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். கடைசி எழுத்தில் விரல் நின்றது.

“இது என் புள்ள பேரே இல்ல, மொதலாளி. புள்ளியக் காணோம்.”

அந்த வரிக்கு ‘ன’ எழுத்து. அதன் தலையில் இருக்கும் புள்ளி எழுத்தில்லை. கால், சுழி எதுவும் எழுத்தில்லை. காற்புள்ளியோடு சேர்த்து அத்தனையையும் வழித்துவிட்டது. முக்கால்வாசிப் பெயர்கள் வால் அறுந்து நின்றன.

“ஒரு புள்ளிக்கா அழுவே? நாப்பது வருஷக் கை இது” என்று உளியை எடுத்தேன்.

“வேணாம் மொதலாளி, அவன் பேர்ல கை வைக்காதீங்க…”

மூன்றாவது தட்டில் அந்த ‘ன’ சில்லாகப் பெயர்ந்து அவள் காலடியில் விழுந்தது. அவள் அதைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மேஜைக்குப் போய் அந்த வரியைத் திருத்தினாள்: காலி இடம், காற்புள்ளி இரண்டை மட்டும் வெட்டு. பட்டறைச் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

திருத்திய வரியால் புதுக் கல் பிசிறில்லாமல் வந்தது. நினைவுக்கல் திறப்பு நாளன்று நானே போய்க் கூப்பிட்டேன். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

“ஆத்துல ஒரு தடவ போனான். உங்க கையில ஒரு தடவ போனான். இன்னொரு தடவ அவனப் பாக்க எனக்குத் தெம்பில்ல, மொதலாளி.”

தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் போயிருந்தேன். அதற்குள் கதவைச் சாத்திவிட்டாள்.