உணவறைத் தாளில் இல்லாத பெயர்

கடந்த செவ்வாய் காலை, டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் எங்கள் தொழிற்சாலை உணவறைக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது: "பொதியிடும் பகுதிச் சீனர் காலமானார்." இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கே உழைத்தவருக்கு ஒரு பெயர் உண்டென்று எவருக்கும் தோன்றவில்லை. தாளை நான் கிழிக்கவில்லை. கீழே எழுதினேன்: திரு. சென்.

அவர் வியட்நாமின் சைகோனில் பிறந்த சீனர். படகில் தப்பி வந்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தம் குடும்பப் பெயரின் கதையைச் சொன்னார். டேனிஷில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்:

"சீனாவின்ரை நடுவிலை சென் எண்டு ஒரு சின்ன அரசு இருந்தது. பக்கத்து அரசு விழுங்கிப்போட்டுது. தப்பினவை நாட்டின்ரை பேரையே தங்கடை பேராக்கிச்சினம்."

அப்பெயர் தெற்கே நடந்து, கடலேறி, தென்சீனத்துக் கன்ரனில் சான், மலாயாவில் டான், வியட்நாமில் திரான் என்றானது. "விழுங்கினவனை இண்டைக்கு ஆர் தேடுறான்? எங்களை எண்ணி முடியாது!" என்று சிரிப்பார்.

இந்த வைகாசியில் இலங்கையில் எங்கள் போர் முடிந்தது. அங்கிருந்த தங்கையைப் பற்றித் தகவல் இல்லை. தேடித் தருவதாகச் சொன்ன அலுவலகம் இரண்டு மாதங்களின் பின் ஒற்றை வரி அனுப்பியது: அப்படி ஒருவர் எந்த முகாமிலும் இல்லை. நான் நிரப்பிய படிவத்தின் பிரதியைத் திரு. சென் வாங்கிப் பார்த்தார்.

"உம்மடை குடும்பப் பேரையே தங்கச்சிக்கும் போட்டிருக்கிறீர்?"

"ஓம். அப்பாவின்ரை பேர்."

"அவ கலியாணம் கட்டினவ எல்லோ? அங்கை ஆற்றை பேரைச் சேர்த்துச் சொல்லுவா?"

"புருஷன்ரை..."

"பட்டம் படிச்ச மனிசன்! முகாமிலை பேர் குடுத்தது அவ, நீரில்லை."

இருபது ஆண்டு டேனிஷ் படிவங்கள் அப்பாவின் பெயரை என் பரம்பரைப் பெயராக்கியிருந்தன. தவறு என்னுடையது. ஆனால் கேள்வி கேட்பதற்காகவே சம்பளம் பெறும் அலுவலகத்தார் அந்த ஒன்றைக் கேட்கவில்லை. கேட்டவர் பெட்டி ஒட்டுபவர். அவருடைய தம்பி மலாயாக் கரையில் டான் என்று பதியப்பட்டதால், அவர் பதினொரு ஆண்டுகள் தேடியிருந்தார்.

அவள் கணவனின் பெயரோடு புதுப் படிவம் போய் மூன்றாம் வாரம் தொலைபேசி ஒலித்தது. "அண்ணை, நான்தான். இருக்கிறன்." அதற்குள் இணைப்பு அறுந்தது.

ஓடிப்போய்ச் சொன்னேன். திரு. சென் ஒட்டும் நாடாவைக் கீழே வைத்தார். "சாப்பிடுறாவோ எண்டு கேட்டனீரோ?" நான் கேட்கவில்லை. "முதல் அதைக் கேளும்" என்றார். ஒன்பதாம் நாள் அவரது இதயம் நின்றது.

அடக்கத்தன்று குழியருகே மூன்று மலர்வளையங்கள் கிடந்தன. பிள்ளைகளுடையதில் திரான், மலேசியத் தம்பி அனுப்பியதில் டான், என்னுடையதில், தமிழில், சென்.

போய் வாருங்கள், ஐயா. நேற்றுக் கேட்டுவிட்டேன். சாப்பிடுகிறாள்.