மாரீஸ்வரியின் உதடுகள் சேர்ந்த நாள்

தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து என்று மதியம் செய்தி வந்தபோது, விருதுநகரில் என் பிசியோதெரபி அறையில் ஒருவருக்குத் தோள் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இங்கே அப்படியொரு செய்தி வந்தால் எல்லோரும் பெயர்களைத்தான் கேட்போம். சாயங்காலம் மாரீஸ்வரியின் நாத்தனார் சண்முகத்தாய் போனில் அழுதாள். "மாரி போயிட்டாக்கா. இந்தத் தடவ ஆஸ்பத்திரிக்குக்கூட கொண்டுபோகல."

முந்தைய விபத்தில் அவள் பிழைத்திருந்தாள். மதுரை தீக்காய வார்டில் அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்களுக்கு அந்த முகம் நினைவிருக்கும். கழுத்தும் தாடையும் வெந்து, தழும்பு இறுகி, கீழுதட்டை இழுத்துப் பிடித்திருந்தது. வாய் மூடாது. உதடு சேராமல் 'ப'வும் வராது, 'ம'வும் வராது. அவள் மகளின் பெயர் பொம்மி. அம்மா கூப்பிடுவது தன்னைத்தான் என்று அந்தச் சிறுபிள்ளைக்குத் தெரியாது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.

முகத்துக்கு அறுவை சிகிச்சை என்றதும் உறவில் ஒருத்தி, "உசுரு பிழைச்சது பத்தாதாக்கும், அழகு வேற கேக்குதோ?" என்றாளாம். மாரி கணவனை முன்பே இழந்தவள்; இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டுப் பழகியிருந்தாள். ஆனாலும் மதுரைக்குப் போய் அறுவை சிகிச்சைக்குப் படுத்துக்கொண்டாள்.

தழும்பை விடுவித்து, தொடைத் தோலை எடுத்து வைத்து, காயம் நன்றாக ஆறிய பிறகு டாக்டர் அவளை என்னிடம் அனுப்பினார். உதடும் கன்னமும் வீங்கியிருந்தன. விளையாட்டு வீரர்கள் தோளில் ஒட்டிக்கொள்ளும் இழுபடும் டேப் அப்போதுதான் எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்தது. அதை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, அதிகம் இழுக்காமல், தாடையிலிருந்து காதை நோக்கி ஒட்டினேன். வீக்கம் வடியவும் உதட்டுக்குத் தாங்கலாகவும் உதவும் என்று டாக்டரும் நானும் நம்பினோம். தோல் நிறத்தில் ஒன்று இருந்தது. அவள் ரோஸ் நிறத்தைக் காட்டினாள். "எப்படியும் பஸ்ஸுல பாக்கத்தான் போறாக. நல்ல கலரா இருக்கட்டுமே."

தழும்பைத் தேய்த்துவிடுவது, வாய்ப் பயிற்சி, டேப் என்று வாரங்கள் போயின. ஒரு நாள் டேப்பைக் கழற்றிவிட்டு, "ம் சொல்லு மாரி" என்றேன். உதடுகள் தொட்டன. அவளுக்கே நம்ப முடியவில்லை; விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு மூலையில் விளையாடிய பிள்ளையைப் பார்த்து, "பொம்மி" என்றாள்.

பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தது. நான் கூப்பிட்டேன் என்று நினைத்துவிட்டது.

"நாந்தேன் கூப்பிட்டேன்" என்றாள் மாரி.

"இன்னொரு தடவ கூப்பிடு" என்றது பிள்ளை.

எச்சில் ஒழுக ஒழுகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நாங்கள் சிரித்துக்கொண்டே அழுதோம்.

தீபாவளி சீசன் தொடங்கியபோது மறுபடியும் வேலைக்குப் போகிறேன் என்றாள். "அங்கனயேவா மாரி?" என்று கேட்டேன். "வேற கம்பெனிதான்க்கா. எனக்கு வேற என்ன தெரியும்? கையி நல்லாத்தான இருக்கு." அந்தக் கைகளைப் பார்த்தபடி நின்றேன்.

கடைசியாக அவள் வந்த அன்று, தீக்காயத்தோடு புதிதாக வந்திருந்த ஒரு பெண்ணின் முழங்கையை நீட்டிக்கொண்டிருந்தேன். "வலிக்காதும்மா, வலிக்காது" என்று வழக்கம்போலச் சொன்னேன். அந்தப் பெண் போனதும் மாரி என் அருகில் வந்தாள். "அப்படிச் சொல்லாதீகக்கா. எங்களுக்கு அம்புட்டு வலிக்கும். வலிக்காதுன்னு நீங்க சொன்னா, வலிய யாருகிட்டச் சொல்றது?"

அவளைப் புதைத்த மறுநாள் அறையைத் திறந்தேன். எம். புதுப்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்து கையை நீட்டினாள். தொடுவதற்கு முன் சொன்னேன்: "வலிக்கும்மா. வலிச்சா சொல்லு, நிறுத்திக்கிடுறேன்." அவள் தலையசைத்தாள். மாரீஸ்வரியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வார்த்தைதான். இந்த வேலை செய்யும் வரை இதைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.