சக்கர நாற்காலிப் பக்கம்

செருப்புக்கடையில் அவளுக்கு அளவுக்காரி என்று பெயர். படியேறி வருகிறவரின் காலை ஒரு பார்வை பார்த்தால் போதும், இன்ன அளவு என்று சொல்லிவிடுவாள். வந்தவர் வாங்குவாரா, சும்மா மழைக்கு ஒதுங்கியவரா என்பதும் டப்பா எடுக்க உள்ளே திரும்பும் முன்பே தெரிந்துவிடும். முதலாளி அவளைக் கல்லாவில் உட்காரச் சொல்லிப் பலமுறை கேட்டும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. காலைப் பார்க்காமல் தனக்கு வியாபாரம் வராது என்பாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அந்தரத்தில் தொங்கியே சம்பாதித்த மனுஷன், ஒரு நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது சமதரையில் விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் மரத்துப்போனது, பேச்சும் முக்கால்வாசி போனது. அவள் வேலையை விட்டுவிட்டாள். அவரைத் தூக்குவதும் புரட்டுவதும் குளிப்பாட்டுவதுமே அதற்கப்புறம் அவள் உத்தியோகம்.

அந்த வருஷங்களில் விவரம் தெரியாமல் வாங்கிக் கெட்டவை ஏராளம். முதலில் வந்த சக்கர நாற்காலி கூடத்தில் ராஜா மாதிரி ஓடியது. குளியலறை வாசலுக்குப் போனதும் உள்ளே நுழைய மாட்டேன் என்று நின்றுவிட்டது. கதவு அகலம் போதவில்லை. படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தை வாங்கினாள். அதன் மோட்டார் உறுமுவதை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கோணிய வாயோடு அவர், "பேரிங் போச்சு" என்றார். மாதக்கணக்கில் ஒற்றைச் சொல்லுக்கே தவித்த மனுஷன் முழுசாகச் சொன்ன முதல் விஷயம் அதுதான். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

ஒரு மத்தியானம், அவள் துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவர் போய்ச் சேர்ந்தார்.

வீடு முழுக்கப் பொருள்கள் மிஞ்சின. ஆள் இல்லை. கடைக்குத் திரும்பிப் போகலாம் என்றால் தூக்கித் தூக்கி அவள் இடுப்பும் முட்டியும் விட்டுப்போயிருந்தன. விளம்பரப் பலகைக் கடை வைத்திருந்த தம்பி, பக்கத்தொழிலாக வெப்சைட்டும் செய்து கொடுப்பான். அவன்தான் வழி சொன்னான்.

"படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு எதை வாங்கணும், எது உதவாதுன்னு உன்னைவிட யாருக்குக்கா தெரியும்? அதை எழுது. ஒவ்வொரு பொருளுக்கும் ஆன்லைன் கடையோட லிங்க் போடுவோம். நம்ம லிங்க் வழியாப் போய் யாராவது வாங்கினா, கடைக்காரன் நமக்குக் கமிஷன் குடுப்பான்."

அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் எழுத ஆரம்பித்தாள். நாற்காலிக்கு ஒரு பக்கம், மெத்தைக்கு ஒரு பக்கம், ஊன்றுகோலுக்கு ஒரு பக்கம் என்று அது வளர்ந்தது. எழுதுகிற நேரத்தில் அவர் பக்கத்தில் இருப்பது போலவே இருந்தது. வருகிறவர்களும் வந்தார்கள். வெகுநேரம் தங்கிப் படித்தார்கள், லிங்கையும் தொட்டார்கள். ஆனால் தொட்டவர்களில் வாங்கியவர்களைத்தான் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருந்தது. வாங்கிய ஒன்றிரண்டு பேரும் பொருளைத் திருப்பி அனுப்பிவிட, கணக்கில் ஏறியிருந்த கமிஷனும் அடிபட்டுப்போனது.

தம்பி தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தான். பட்டனைப் பெரிதாக்கினான், பச்சையைச் சிவப்பாக்கினான்.

"'இன்னும் ரெண்டே ரெண்டுதான் இருக்கு, சீக்கிரம்'னு போடலாம்க்கா. எல்லாரும் போடறதுதான்."

"ரெண்டுதான் இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப சும்மா இரு. ஏற்கெனவே வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு வர்றவங்க அவங்க. மேல வேற எண்ணெய் ஊத்தணுமா?"

அவன் கோபித்துக்கொள்ளாமல் வேறு வேலை செய்தான். ஒவ்வொரு லிங்க்காகத் தொட்டுப் பார்த்தான். சில பொருள்கள் எப்போதோ விற்பனையிலிருந்து போயிருந்தன. சில லிங்குகள் பொருளைக் காட்டாமல் கடையின் முகப்பில் கொண்டுபோய் விட்டன. ஃபோனில் பார்த்தால் படம் வந்து பட்டன் மேல் உட்கார்ந்துகொண்டது. எல்லாவற்றையும் சரிசெய்தான். கொஞ்சம் தேறியது, ஆனால் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

"வர்றவங்க காலைப் பார்க்க முடியலையேடா" என்று அவள் அலுத்துக்கொண்டாள். "எதுக்கு வர்றாங்க, எங்க நின்னு யோசிக்கறாங்க, ஏன் திரும்பிப் போறாங்கன்னு ஒண்ணுமே தெரியல."

அந்தச் சமயத்தில்தான் நாத்தனாரின் வீட்டுக்காரர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். நாத்தனார் அளவுக்காரியின் புருஷனுக்கு ஒரே தங்கை. அண்ணன் போனபின் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து குறைந்திருந்தது. சண்டை ஒன்றுமில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தால் அவர் ஞாபகம் வரும், அவ்வளவுதான். இப்போது நாத்தனாரே தேடி வந்தாள்.

"மருத்துவமனையில நாளன்னைக்கு அனுப்பறாங்க அண்ணி. சக்கர நாற்காலி வாங்கணும். நீங்க எழுதறீங்களாமே, நான் பார்த்ததே இல்ல."

"இங்கயே உக்காந்து பாரும்மா" என்று அவள் காபி போடப் போனாள். திரும்பி வந்தபோது நாத்தனார் ஃபோனை ஒரு கையில் பிடித்துக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். அளவுக்காரி காபியை வைத்துவிட்டு நின்று கவனித்தாள். விரல் வேகமாகப் போனது, பிறகு மெதுவானது, பிறகு நின்றேவிட்டது. நாத்தனாரின் உதடு துடித்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு லிங்கைத் தொட்டாள். கடை திறந்தது. படத்தையும் விலையையும் வெறித்துப் பார்த்தாள். இது தன் வீட்டு வாசலில் நுழையுமா என்று அங்கே எதுவும் எழுதியில்லை. திரும்பி வந்தாள். இன்னொன்றைத் தொட்டாள். அதற்குள் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. பேசி முடித்ததும் ஃபோனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"எது வாங்கலாம்னு தெரிஞ்சுதா?"

"எங்க அண்ணி தெரியும்? முழுக்க அண்ணன்தானே இருக்காரு." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "கோவிச்சுக்காதீங்க. நாற்காலி வாங்கலாம்னுதான் உள்ள போனேன். துக்கம் விசாரிக்கப் போன மாதிரி ஆயிடுச்சு. அழுதுட்டு எழுந்து வரத்தான் தோணுது, வாங்கத் தோணல."

அளவுக்காரிக்குச் சுருக்கென்றது. எதிரில் இருந்தவள் மேல் கோபம்கூட வந்தது. ஆனால் அத்தனை வருஷம் கடையில் நின்றவளாயிற்றே, கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்ல முடியவில்லை. பேச்சை மாற்றி, நாத்தனார் வீட்டுக் கதவுகளின் அகலம் கேட்டாள். குளியலறையில் படி உண்டா, அவர் பிடித்துக்கொண்டு நிற்பாரா, எத்தனை மாதம் நாற்காலி தேவைப்படும் என்று மருத்துவர் சொன்னார் என்றெல்லாம் விசாரித்தாள். கடைசியில், "நீ வாங்காத. மூணு மாசத்துக்கு வாடகைக்கு எடு, போதும்" என்றாள். நாத்தனார் தெளிந்த முகத்தோடு போனாள்.

தான் இப்போது கேட்ட கேள்வி ஒன்றுகூட அந்தப் பக்கத்தில் இல்லை என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, நாற்காலிப் பக்கத்தைத் திறந்தாள். "இதை வெட்டணும்" என்றாள்.

"எல்லாத்தையும் எடுக்கணும்னு இல்லக்கா. மாமாவைப் பத்தி அங்கங்க இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

"ஒருத்தர் ஷூவை மாட்டிட்டு வலிக்குதுன்னு நிக்கறப்ப எங்க வீட்டுக் கதையைச் சொல்லிட்டிருப்பேனாடா?"

அவர் கதவில் இடித்துக்கொண்ட முழங்கையை எடுத்தாள். ஜன்னலோரம் அவர் உட்கார்ந்து எதிர்க் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மாலையை எடுத்தாள். அடுத்துத் திறந்த மெத்தைப் பக்கத்தில் அந்தப் பேரிங் வரியை எடுக்கும்போது மட்டும் விரல் அழிக்கும் பட்டன் மேலே போய் நின்றது. தம்பி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். அவன் வருவதற்குள் அதையும் எடுத்துவிட்டாள்.

காலியான இடத்தில் கேள்விகள் வந்தன. முதல் வரியே கதவை அளந்துவிட்டு வாருங்கள் என்றது. யார் இதை வாங்கக் கூடாது என்று அடுத்துச் சொன்னாள். பத்துப் பன்னிரண்டு லிங்க் இருந்த இடத்தில் இரண்டுதான் வைத்தாள், குறுகலான வீட்டுக்கு ஒன்று, வெளியே போய்வருகிறவருக்கு ஒன்று. கொஞ்ச காலத்துக்கு மட்டும் தேவையென்றால் வாடகைக்கு எடுங்கள் என்றும் தம்பியைச் சேர்க்கச் சொன்னாள்.

"அதுல நமக்கு என்னக்கா கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது. எழுது."

லிங்கைத் தொடுகிறவர்கள் குறைந்தார்கள். தம்பி கவலைப்பட்டான். ஆனால் தொட்டவர்கள் வாங்கினார்கள், வாங்கியவர்கள் திருப்பி அனுப்பவில்லை. மெல்ல மற்ற பக்கங்களையும் அப்படியே மாற்றினார்கள். கோடி கொட்டவில்லை. வீட்டு வாடகைக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்கிற அளவுக்கு வந்தது. அவன் குதித்துக்கொண்டு வந்து சொன்னபோது அவள் "நல்லது" என்றாள். அவன் போனபின் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அவர் எங்குமே இல்லை. இரண்டாந்தரம் வழியனுப்பிவிட்டு வந்தவள் போல வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுவாரம் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். வீட்டுக்காரர் கூடத்தில் வாடகைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, மனைவி வைக்கும் காபியில் சர்க்கரை போதவில்லை என்று நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். சமையலறையில் இருவரும் தனியாக நின்றபோது அளவுக்காரி மெதுவாகச் சொன்னாள்.

"உங்க அண்ணனை எல்லாத்துலேர்ந்தும் எடுத்துட்டேன்மா. நல்லா விக்குது. ஆனா எங்கயும் அவர் பேரைச் சொல்ல இடமில்லாமப் போச்சு."

நாத்தனார் கழுவிய டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எங்கிட்டச் சொல்லுங்களேன் அண்ணி. முகம் தெரியாதவங்க கிட்ட எதுக்கு? நானும் இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லாமத்தான் கெடக்கறேன்."

அன்று அளவுக்காரி சொல்லவில்லை, கேட்டாள். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழுதான லிஃப்ட்டுக்குள் ஒரு கர்ப்பிணியோடு மாட்டிக்கொண்டதையும், அவளைப் பயப்படாதே என்று தேற்றித் தேற்றித் தானே மயங்கி விழுந்ததையும் நாத்தனார் சொன்னாள். கல்யாணத்துக்கு முந்திய கதை. இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து இது வந்ததே இல்லை.

"மயக்கமெல்லாம் இல்ல, சும்மா கண்ணை மூடிக்கிட்டான்" என்று கூடத்திலிருந்து வீட்டுக்காரர் திருத்தினார்.

"நீங்களா பக்கத்துல இருந்தீங்க?" என்று நாத்தனார் குரல் கொடுத்தாள்.

அளவுக்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "முதல்லேர்ந்து சொல்லு" என்றாள்.