டைனமோவில் பதிந்த பாட்டு

உப்புவெளியில் சனிக்கிழமை மத்தியானம் நகரவே நகராது. சாப்பாடு முடிந்து, குசினியைக் கழுவிவிட்டு, விறாந்தையில் கதிரையைப் போட்டால் கண் மூடாது, முழு விழிப்பும் இராது. கடல் இரண்டு வளவு தள்ளி அதன் பாட்டில் கதைத்துக்கொண்டிருக்கும். அம்மா பாயில் சரிந்து கிடப்பா. நான் போனை எடுத்துப் பாட்டுப் போடுவேன்.

பாட்டுச் செயலி தம்பி தந்தது. கனடாவில் இருந்தபடி தன் குடும்பக் கணக்கில் எனக்கும் ஒரு இடம் பிடித்துத் தந்தான். உலகத்துப் பாட்டெல்லாம் அதற்குள் கிடக்கிறதாம். அது போதாதென்று, போனில் ஏற்கெனவே இருந்த என் சொந்தப் பாட்டுக்களையும் அதற்குள் சேர்க்கலாம் என்றான். சேர்த்தேன். அன்றைக்குப் பிடித்தது தலையிடி. கோயில் திருவிழாவில் பதிந்ததற்கு ‘அறியப்படாத கலைஞர்’ என்று எழுதிவைக்கும். கலியாண வீட்டில் என் மச்சாள் பாடியதற்கு யாரோ ஒரு வெள்ளைக்காரியின் படத்தை ஒட்டிவைக்கும். எல்லாம் தனக்குத் தெரியும் என்ற நினைப்பு அதற்கு. நான் ஒவ்வொன்றாகத் திறந்து பெயரை மாற்றி, படத்தைக் கழற்றிக்கொண்டிருப்பேன். கீரை ஆய்வதைப் போல, பாதி நித்திரையில் செய்வதற்கு நல்ல வேலைதான்.

அந்தப் பாட்டுக்களில் ஒன்று அம்மாவுடையது. அவவுக்குப் பிடித்த பழைய படப்பாட்டு. நாங்கள் கட்டைபறிச்சானில் இருந்த காலத்தில் அப்பா றேடியோவிலிருந்து கசெற்றில் பதிந்தது. அப்போது ஊரில் கரண்ட் இல்லை, சண்டைக் காலம் என்பதால் பற்றறியும் உள்ளே வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின் சில்லில் டைனமோவை அமத்தி, அதிலிருந்து வயரை றேடியோவுக்குக் கொழுவி, கையால் பெடலைச் சுற்றவேண்டும். சுற்றும்வரை றேடியோ பேசும். அப்பா செய்திக்கு மட்டும் சுற்றுகிறவர். பாட்டுக்குச் சுற்றுவது வீண்வேலை என்பார். ஆனால் ஒருநாள் அறிவிப்பாளர் அந்தப் பாட்டைச் சொன்னதும், அம்மாவை ஒருதரம் பார்த்தார். றேடியோவிலேயே கசெற்றைப் போட்டுப் பதிகிற பொத்தானை அமத்திவிட்டுச் சுற்றத் தொடங்கினார். அடுத்த மாரி மழைக்கு அப்பா இல்லை. நெஞ்சு வருத்தம் கொண்டுபோய்விட்டது.

கையால் சுற்றிப் பதிந்தது ஒரே சீராக இருக்குமா? தோணிக்குள் இருந்து கேட்பதைப் போல அந்தப் பாட்டு அலைந்து அலைந்து போகும். கடைசிச் சரணத்தில் மட்டும் திடீரென்று ஓட்டம் பிடிக்கும். பாடகியின் குரல் சின்னப்பிள்ளைக் குரலாகிவிடும். பின்னாளில் வீட்டுக்குக் கரண்ட் வந்து அதைப் போடும்போதெல்லாம் நானும் தம்பியும் அந்த இடம் வரட்டும் என்று காத்திருந்து துள்ளுவோம். அப்பா குஷியில் வேகமாகச் சுற்றிவிட்டார் என்பது எங்கள் முடிவு.

அப்பாவின் குரல் எங்களிடம் இல்லை. படங்கள் உண்டு, அசையாதவை. அவர் அசைந்ததற்கு அடையாளமாக மிஞ்சியிருந்தது அந்தப் பாட்டின் ஆட்டம் ஒன்றுதான்.

கசெற் பூஞ்சணம் பிடித்துப் போக முந்தி, டவுனில் ஒரு கடையில் கொடுத்துப் பாட்டைப் போனுக்கு மாற்றி எடுத்திருந்தேன். கடைக்காரர் நல்ல மனுசர். கேளாமலே படத்தின் பெயரையும் பாடகியின் பெயரையும் அதற்குள் எழுதித் தந்தார். வினை வந்தது அதனால்தான்.

போன மாசியில், நான் புதுப் போன் வாங்கியிருந்த நேரம், அம்மா பாயிலிருந்தபடி, “பிள்ளை, எங்கட பாட்டை ஒருக்காப் போடன்” என்றா. போட்டேன். கழுவித் துடைத்த கோப்பையைப் போலப் பளிச்சென்று வந்தது. அலைச்சல் இல்லை. கடைசிச் சரணமும் நேராக நடந்து முடிந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளியின் கதையைக் கேட்பதுபோல அம்மா மரியாதையாகக் கடைசிவரை கேட்டா.

“நல்லாத்தான் கிடக்கு. ஆனா இது எங்கட பாட்டு இல்லை.”

தம்பிக்குப் போன் அடித்தேன். அங்கே இன்னும் விடியவில்லை. விடியாவிட்டால் எனக்கென்ன.

“அக்கா, புதுப் போனில அது பேரைப் பாத்திட்டுத் தன்ர கொப்பியைப் போடுது. பழசைவிட இது வடிவாத்தானே கேக்கும்?”

“வடிவு ஆருக்கு வேணும்? அப்பா சுத்தினது எங்க?”

தம்பி நித்திரை முழுக்கக் கலைந்த குரலில் சொன்னான். “செயலிக்குள்ள தேடாதேங்கோ. போனுக்குள்ள பாருங்கோ. போன் மாத்தேக்க அதைக் கொண்டுவராட்டி, ஒண்டும் செய்ய ஏலாது அக்கா. பழைய போனையும் குடுத்திட்டீங்கள்தானே.”

தேடினேன். மழைப் படங்கள், பஸ் ரிக்கற்றுகள், யாரோ அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்துக்கள். இந்தச் சின்னப் பெட்டிக்குள் எங்கோ ஒரு மூலையில் அப்பா இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறார், கதவுதான் தெரியவில்லை என்பதுபோல் இருந்தது. அம்மா எழுந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா.

இருந்தது. பழைய போனிலிருந்து ஒட்டுமொத்தமாக வந்த குப்பைக்குள், படத்தின் பெயரும் பாடகியின் பெயருமாகக் கிடந்தது. எனக்கு அழுகை வந்தது. முதல் வேலையாகக் கடைக்காரர் எழுதிய எல்லாவற்றையும் அழித்தேன். பாட்டின் பெயர் என்ற இடத்தில் ‘எங்கட பாட்டு’ என்று எழுதினேன். பாடியவர் என்ற இடத்தில் ‘அப்பா’ என்று போட்டேன். வாழ்நாளில் ஒரு வரி பாடாத மனுசன். இனிச் செயலி எவ்வளவு தேடினாலும் தன் கொப்பியைக் கொண்டுவந்து நீட்ட ஏலாது.

போட்டேன். தோணி ஆடத் தொடங்கியது. கடைசிச் சரணம் வந்து பாட்டு ஓட்டம் பிடித்ததும் பழக்கதோசத்தில் என் கால் தாளம் போட்டது. அம்மா என் முழங்காலில் கையை வைத்தா.

“கொப்பா குஷியில சுத்தினவர் எண்டுதானே நீங்கள் ரெண்டு பேரும் துள்ளுறனீங்கள்?”

“ஓம்.”

“இந்த இடத்தில அவருக்கு இளைச்சுப் போச்சு. வேர்த்து ஒழுகுது. நான் சுத்துறன், தாங்கோ எண்டு கேட்டனான். தரேல்லை. பாட்டு முடியுமட்டும் பெடலை விடேல்லை.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பதியும்போது கை தளர்ந்தால் கசெற் நாடா மெதுவாக நகரும். மெதுவாகப் பதிந்ததைப் பிறகு சீரான கரண்டில் போட்டால் அது ஓடும். அப்பா களைக்கக் களைக்கப் பாட்டு ஓடியிருக்கிறது. நாங்கள் அதற்குத்தான் துள்ளியிருக்கிறோம்.

“ஏனம்மா இவ்வளவு காலமும் சொல்லேல்லை?”

“சின்னதுகள் சந்தோசமாத் துள்ளினதுகள். என்னத்தைச் சொல்ல.”

துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் நீளமாக ஊதி அடங்கியது. அம்மா மறுபடி பாயில் சரிந்தா.

“இன்னொருக்காப் போடு பிள்ளை. கடைசிச் சரணம் வர முந்தி நிப்பாட்டிவிடு. மனுசன் கொஞ்சம் ஆறட்டும்.”

போட்டேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தா. அந்த இடத்துக்கு ஒரு வரி இருக்கும்போது விரலை வைத்து நிறுத்தினேன்.