கப்பம் வாங்கும் நர்ஸம்மா

கப்பைக் கையில் வாங்கியதும் நர்ஸம்மா அதை மணிக்கட்டில் ஒட்டிச் சூடு பார்ப்பார். சில்லென்று இருந்தால் தொலைந்தது. "இது உங்க உடம்புலேர்ந்து வரலை, குழாய்லேர்ந்து வந்திருக்கு. போங்க, சொந்தச் சரக்கா கொண்டாங்க."

பேருந்துப் பணிமனையில் டயர் அடுக்குக்கும் கழிப்பறைக்கும் நடுவே இருக்கிறது நர்ஸம்மாவின் அறை. ஓட்டுநர்கள் மாதம் ஒருமுறை அங்கே கப்பில் சிறுநீர் கொடுக்க வேண்டும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கப்பம்'. "என்னப்பா, கப்பம் கட்டியாச்சா?" என்று வாசலில் குரல் கேட்டால் நர்ஸம்மா நாற்காலியில் மகாராணி போல நிமிர்ந்துகொள்வார்.

மேஜையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருவி. சிறுநீரில் நனைத்த பட்டையைச் செருகினால் ஒரே நிமிடத்தில் சர்க்கரையும், சர்க்கரை நோய் முற்றும்போது சேரும் கீட்டோன் என்ற அமிலமும் தெரிந்துவிடும். பட்டையின் விலை ஒரு டீயை விடக் குறைவு. அந்த ஒரு நிமிடம் நர்ஸம்மாவால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. வந்தவர் கடைசியாக எப்போது சாப்பிட்டார், எத்தனை மணிக்குத் தூங்கினார், பெண்டாட்டியோடு பேச்சுவார்த்தை உண்டா, எல்லாம் கேட்டுவிடுவார்.

பதினேழாம் தடத்து மீசைக்காரர் இரண்டு முறை குழாய்த் தண்ணீரோடு வந்து மாட்டிக்கொண்டார். மூன்றாம் முறை நர்ஸம்மா கழிப்பறை வாசலிலேயே காவல் நின்றார்.

"பாட்டில் பாட்டிலா தண்ணி குடிக்கிறீங்க. பெல்ட்ல புதுசா ரெண்டு ஓட்டை. எனக்குக் கண்ணு இல்லைன்னு நெனச்சீங்களா?"

கருவி சர்க்கரை, கீட்டோன் இரண்டையும் உச்சத்தில் காட்டியது. மீசைக்காரர் பதிவேட்டைக் கையால் மறைத்தார்.

"எழுதிடாதீங்க சிஸ்டர். ஸ்டியரிங்கைப் புடுங்கிடுவாங்க."

"எழுதாம விட்டா, நீங்களே மயங்கி விழுந்து அதை விட்டுடுவீங்க. பின்னாடி நாப்பது பேர் உட்கார்ந்திருப்பாங்க."

அப்போதே கைப்பையை எடுத்துக்கொண்டு அவரோடு மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டார். இன்னும் இரண்டு நாள் தாண்டியிருந்தால் ஆளே நினைவிழந்திருப்பார் என்றார் டாக்டர். மறுநாள் மேலாளர் முன்னால் போய் உட்கார்ந்த நர்ஸம்மா, "டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் ஸ்டோர்ல வேலை கொடுங்க. வீட்டுக்கு அனுப்பினா நானும் கூடவே போயிடுவேன்" என்று சொல்லி, சரி என்ற பிறகுதான் எழுந்தார்.

மீசைக்காரர் ஒரு மாதம் நர்ஸம்மாவின் முகத்தையே பார்க்கவில்லை. அப்புறம் யாரும் கூப்பிடாமலே வாராவாரம் கப்போடு வந்து நின்றார். எண்கள் படிப்படியாக இறங்கின. ஐந்தாம் மாதம், மறுபடி பஸ் ஓட்டலாம் என்று டாக்டரின் கடிதம் கைக்கு வந்தது.

மறுநாள் காலை மீசைக்காரர் ஏறி உட்கார்ந்து, பதினேழாம் தடப் பேருந்து புறப்பட உறுமியபோது, நர்ஸம்மா கையுறையைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்தார். பேருந்தின் பக்கவாட்டில் கண்டக்டர் 'ரைட், போலாம்' என்று தட்டுவது போல இரண்டு தட்டு தட்டினார்.