அழுகை டீச்சரின் மூன்று வாக்கியங்கள்

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு உண்டு. நான்காவது மாடியில் ஒரு அம்மா இருக்கிறாராம். பிள்ளைகளை அழவைப்பதுதான் அவருக்கு உத்தியோகமாம். சிரித்துக்கொண்டு உள்ளே போகிற பிள்ளைகூட வெளியே வரும்போது மூக்கைச் சிந்திக்கொண்டுதான் வருமாம். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன்கூட உண்டாம்.

எவ்வளவு தூரம் நிஜம் என்று நூல் பிடித்துக்கொண்டு போனால், லிஃப்ட்காரர் கேன்டீன்காரரைக் கைகாட்டினார். கேன்டீன்காரர், "எனக்கு வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும்" என்றார். வாட்ச்மேன், "லிஃப்ட்காரன் சொன்னான்" என்றார். வதந்தி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்திலேயே காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

ஆனால் அந்த அம்மா நிஜம். பிள்ளைகள் அழுவதும் நிஜம். கமிஷன் மட்டும் பொய். அது இருந்திருந்தால் தன் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவை அவர் இன்னும் கயிறு போட்டுக் கட்டிவைத்திருக்க மாட்டார்.

அறைவாசல் பலகையில் அவர் 'குழந்தைகள் மனநல ஆலோசகர்'. கேன்டீனில் 'அழுகை டீச்சர்'. இரண்டாவது பெயரைச் சொன்னால்தான் வழி காட்டுவார்கள். வீட்டில் ஒருவர் இறந்துபோய், அதைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முழிக்கும் குடும்பங்கள் அவரிடம் வரும். அவருடைய அறை அழுக்குத் துணி குவிக்கும் அறைக்கு அடுத்தது. முன்பு உடைந்த சக்கர நாற்காலிகளை அங்கே போட்டுவைத்திருந்தார்கள். ஒன்றை மட்டும் எடுக்க மறந்துவிட்டார்கள். அதில் ஏறிச் சுற்றாத பிள்ளை கிடையாது. மேஜைமேல் இருக்கும் கிரேயான்களில் கறுப்புதான் முதலில் தீரும். துக்கத்தின் நிறம் என்று ஒரு பெரிய டாக்டர் அதைப் பற்றிக் கூட்டத்தில் உருக்கமாகப் பேசினார். டீச்சருக்குத் தெரிந்த காரணம் வேறு. பிள்ளைகள் லாரி வரைகிறார்கள். லாரிக்கு நிறைய டயர் இருக்கிறது.

முன்பு அவர் நிஜமாகவே டீச்சர்தான், மழலையர் பள்ளியில். ஒரு பிள்ளையின் அம்மா இறந்தபோது, 'அம்மா கடைக்குப் போயிருக்காங்க' என்று எல்லோரும் சேர்ந்து சொல்லிவைத்தார்கள். அந்தப் பிள்ளை பள்ளி கேட்டை விட்டு நகரவில்லை. கடை எங்கே, ஏன் இவ்வளவு நேரம், என்ன வாங்கப் போனாள் என்று ஒரே கேள்வி. இவர் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னார். பிள்ளை அழுதது, பிறகு கேட்டை விட்டு எழுந்து வந்தது. நிர்வாகம், 'இது பாடத்திட்டத்தில் இல்லை' என்று கடிதம் கொடுத்தது. அதற்கப்புறம் படித்து, பயிற்சி எடுத்து, பாடத்திட்டத்தில் இல்லாததையே பிழைப்பாக்கிக்கொண்டார்.

பெரியவர்களின் பொய்களெல்லாம் இப்போது அவருக்கு அத்துப்படி. 'தூங்குறார்' என்று சொன்ன வீட்டில் பிள்ளை படுக்கவே பயப்படும். 'நட்சத்திரமாயிட்டா' என்று சொன்ன வீட்டில், பகலில் அம்மா எங்கே போகிறாள் என்று கேட்டுப் பையன் அப்பாவைத் திணறடிப்பான். டீச்சரிடம் இருப்பதெல்லாம் மூன்று வாக்கியங்கள். செத்துட்டாங்க. இனி வர மாட்டாங்க. இது உன்னால ஆனதில்ல. அதையும் அவர் சொல்ல மாட்டார்; வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

"நீங்களே பக்குவமா சொல்லிடுங்களேன் மேடம்" என்பார்கள்.

"நான் சொன்னா ஆஸ்பத்திரி சொன்ன மாதிரி. ராத்திரி அது எந்திரிச்சு மறுபடி கேட்டா நானா வந்து பதில் சொல்லப்போறேன்?"

இதைச் சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துப்போயிருந்தது. வீட்டிலும் விடிவு கிடையாது. பஸ் டிப்போவில் வேலை பார்க்கும் கணவர் தட்டைப் போடும்போதே, "இன்னைக்காவது நல்ல சேதி ஏதாவது உண்டா?" என்பார். மகள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "இன்னைக்கு யாரும்மா செத்தா?" என்பாள். போன மாதம் எதிர்வீட்டுப் பையனின் தொட்டி மீன் செத்தபோது, அவன் அம்மா ரகசியமாக வேறு மீன் வாங்கிவிட்டு வருவதற்குள் மகள் போய் மூன்று வாக்கியங்களையும் வரிசை மாறாமல் ஒப்பித்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரி கையில் புது மீனோடு வந்து சண்டை போட்டாள்.

"பிள்ளைய வளர்க்கிறீங்களா, இழவு சொல்லப் பழக்குறீங்களா?"

டீச்சர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் மகளைத் திட்ட மனசு வரவில்லை. தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே.

இப்படிப்பட்ட ஒரு வாரத்தின் கடைசியில்தான் வாண்டுவின் கேஸ் வந்தது. வாண்டு என்றால் ஏழு வயது, முன்பல் இல்லை, வாய் மட்டும் உண்டு. லீவுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது அவளுடைய அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு அவளை அழைத்துவந்து, 'அப்பா வேலையா வெளியூர் போயிருக்கார்' என்றார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. வகுப்பில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். அதற்குள் வீட்டில் சொல்லாவிட்டால், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் எவனாவது சொல்லிவிடுவான்.

வெள்ளிக்கிழமை மதியம், வாண்டுவின் வீடு இருந்த லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் டீச்சர் மூச்சு வாங்க ஏறிப் போனார். வாண்டு பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். அம்மாவும் சித்தப்பாவும் சோபாவின் இரண்டு நுனிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே ஒரு போன் சார்ஜில் கிடந்தது.

"அது அண்ணனோடது" என்றார் சித்தப்பா. "பாப்பா தினமும் அம்மா போன்லேருந்து அப்பாவுக்கு மெசேஜ் போடுவா. பதில் வரலைன்னா ஏங்கிடுவான்னு, நான்தான் அண்ணன் மாதிரி..."

டீச்சர் எத்தனையோ பொய்களைப் பார்த்திருக்கிறார். செத்தவர் தினமும் பதில் போடுவது புதுசு.

"அவ மட்டுமா போடுறா?" என்று கேட்டார்.

அம்மா தலை குனிந்துகொண்டாள். "நானும் ஒரு நாள் 'சாப்பிட்டீங்களா'ன்னு போட்டுட்டேன். கை தானா போட்டுருச்சு."

"நான் 'சாப்பிட்டேன்'னு அடிச்சுட்டு, அழிச்சுட்டேன் அண்ணி" என்றார் சித்தப்பா. இதை அவர் அண்ணியிடம் இதுவரை சொல்லியிருக்கவில்லை.

வாண்டு வந்தாள். அம்மா அவளை மடியில் இழுத்துக்கொண்டு, "அப்பா இருக்கார்ல..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "அப்பா வந்து..." என்று மறுபடி நிறுத்தினாள். சித்தப்பா கெஞ்சும் கண்களோடு டீச்சரைப் பார்த்தார். டீச்சருக்குக் கணுக்கால் விண்விண்ணென்றது. தானே சொல்லித் தொலைத்துவிட்டால் என்ன, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமே என்று தோன்றியது. டம்ளரை எடுத்துத் தண்ணீரை வாய் நிறைய வைத்துக்கொண்டார். வாய் நிறைந்திருந்தால் பேச முடியாது. அவருடைய தொழில் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது அவ்வளவுதான்.

"அப்பா செத்துட்டார்டா" என்றாள் அம்மா. "நெஞ்சு நின்னுபோச்சு. இனிமே வர மாட்டார்."

வாண்டு அழவில்லை. போனைப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள்.

"அப்ப என்கூட கல்லு, காகிதம், கத்தரி விளையாடுனது?"

"நான்தான்டா."

"அதான் தோத்துட்டே இருந்தியா?"

மெசேஜில் கல்லு, காகிதம், கத்தரி எப்படி விளையாடுவது என்று டீச்சருக்குப் புரியவில்லை. அவர் முழிப்பதைப் பார்த்து வாண்டு பொறுமையாக விளக்கினாள். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அனுப்பணும். ஆனா அப்பா அனுப்ப மாட்டார். இவ 'கல்லு'ன்னு போட்டப்புறம்தான் 'காகிதம்'னு போடுவார். எப்பப் பார்த்தாலும் ஏமாத்தி ஜெயிப்பார். இவ போன் போட்டுக் கத்துவா, அப்பா சிரிப்பார்.

"வெளியூர் போனதுக்கப்புறம் அப்பா ஏமாத்தவே இல்ல. முதல்லயே அனுப்பிட்டார். நான் ஜெயிச்சுட்டே இருந்தேன்." போனின் சார்ஜர் வயரை விரலில் சுற்றினாள். "அப்பாவுக்கு என்மேல கோவம்னு நினைச்சேன். ஊருக்குப் போறப்ப நான் பை சொல்லாம போனேன்ல. அதான் வீட்டுக்கே வரலைன்னு நினைச்சேன்."

பிள்ளை ஜெயிக்கட்டும், கொஞ்சமாவது சந்தோஷப்படட்டும் என்று முதலிலேயே அனுப்பிய சித்தப்பா, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

டீச்சர் தண்ணீரை விழுங்கினார். "மூணாவது" என்றார் அம்மாவிடம், மெதுவாக.

"உன்னால இல்லடா" என்றாள் அம்மா. "அப்பாவுக்கு உன்மேல கோவமே கிடையாது. பை சொல்லாம போயிட்டா பாருன்னு சிரிச்சார். உன்னால இல்ல. எதுவுமே உன்னால இல்ல."

அப்புறம்தான் வாண்டு அழுதாள். அம்மாவும் அழுதாள். ஆளுக்கொரு பக்கம் மறைந்து அழுதுகொண்டிருந்த வீடு, அன்றைக்கு ஒரே சோபாவில் உட்கார்ந்து அழுதது. டீச்சர் ஜன்னலோரம் போய், எதிர்க் கட்டடத்தில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த இடத்தில் அவருக்கு வேலை கிடையாது. கிளம்பவும் முடியாது.

அழுது ஓய்ந்ததும் வாண்டு மூக்கைச் சித்தப்பாவின் சட்டையில் துடைத்தாள்.

"சித்தப்பா, தோத்தது நீதானே?"

"ஆமாடா."

"தோத்தவங்க வராண்டா முழுக்க கோழி மாதிரி கூவிட்டே நடக்கணும். 'அப்பா ஊர்லேருந்து வந்ததும் கூவுறேன்'னு நீதான் மெசேஜ் போட்டிருக்க."

சித்தப்பா டீச்சரைப் பார்த்தார். டீச்சர் செருப்பைத் தேடினார்.

"இன்னைக்கு வேணாம்டா, தொண்டை அடைச்சிருக்கு."

"சரி, கடன்" என்றாள் வாண்டு.

அடுத்த வாரம் டீச்சர் வாண்டுவின் அம்மாவுக்குப் போன் போட்டார். வாண்டு பள்ளிக்குப் போய்விட்டாள். விஷயத்தைத் தோழியிடம் அவளே சொன்னாளாம். இரவில் எழுந்து, 'நிஜமாவே வர மாட்டாரா' என்று கேட்கிறாளாம். அம்மாவும் எழுந்து உட்கார்ந்து பதில் சொல்கிறாளாம். அப்பாவின் போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

"சித்தப்பா கூவினாரா?"

"எங்க மேடம். தினமும் கதவைத் திறந்துட்டு வராண்டா வரைக்கும் போறார். எதிர்வீட்டுல யாராவது நிக்கிறாங்கன்னு திரும்பி வந்துடுறார். இவ வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கா."